உட்காரத் தகுந்த தூக்கம்

திருப்பூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான ஷார்ட்ஸில் பேடுக்குள் தூக்கத்தை வைத்துத் தைக்கிறார்கள். மற்ற ஊர்களில் ஸ்பாஞ்சு வைப்பதாகக் கேள்வி. ஸ்பாஞ்சும் கெட்டதல்ல. ஆனால் சைக்கிள் சீட்டுக்கும் மனித உடம்புக்கும் நடுவே மணிக்கணக்கில் கிடந்து நசுங்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. தூக்கத்துக்குக் கிடப்பதுதான் வேலை. யார் யாரோ தூங்கி மிச்சமானதைப் போர்வைகளிலிருந்து உதறி எடுத்து, மெஷினில் அழுத்தித் தகடாக்கி, அளவு பார்த்து வெட்டி, பனியன் துணிக்குள் வைத்து ஓரம் அடித்துவிடுவார்கள். நல்ல தூக்கமாக அமைந்துவிட்டால் இரண்டு மூன்று வருடம் உழைக்கும்.

திருமூர்த்திக்கு ஐம்பத்து நான்கு வயது. நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை. நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கேயாவது முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் தன் பேச்சிலும் நடத்தையிலும் முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் இருக்கும்.

முழங்கால் வலிக்கு நல்லது என்று டாக்டர் சொல்லி அவர் மனைவி வசந்தாமணி சைக்கிள் வாங்கினாள். தனியாக விடுவானேன் என்று இவரும் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டம் அணைவரை போய்வரும். இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வசந்தாமணிக்குச் சைக்கிள் உடனே பிடிபட்டுவிட்டது. திருமூர்த்திக்குப் பிள்ளையார் கோயில் தாண்டியதும் சீட்டு குத்த ஆரம்பிக்கும். முதலில் இடது பக்கம் சாய்வார், பிறகு வலது பக்கம், பிறகு எழுந்து நின்று மிதிப்பார், கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். மற்றவர்கள் அணைக்குப் போய்விடுவார்கள். வசந்தாமணி மட்டும் நடுவழி டீக்கடையில் உட்கார்ந்திருப்பாள். இவர் வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். அங்கிருந்தே இருவரும் திரும்பிவிடுவார்கள். ஒரு வருடமாக அணையை இருவரும் பார்த்ததில்லை.

போன ஞாயிறு டீக்கடையில் வைத்து வசந்தாமணி சொன்னாள்: "ஏனுங்க, அடுத்த வாரம் நான் நிக்கமாட்டேன். அணைக்குப் போயே தீரோணும். இங்க உக்காந்து உக்காந்து, நம்ம புள்ள கல்யாணத்துல யாரு கோவிச்சுட்டுப் போனாங்கங்கற வரைக்கும் டீ மாஸ்டருக்குத் தெரிஞ்சு போச்சு."

"நானும் வந்துருவேன்."

"எப்படி, நடந்தா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். திருமூர்த்தியும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு முடிச்சு இருந்ததை அவர் பார்த்துவிட்டார். ஒரு வாரம் அவள் முன்னால் போவாள். மறுவாரம் அது பழகிவிடும். மூன்றாவது வாரம், நீங்க எதுக்குச் சிரமப்பட்டுட்டு, வீட்லயே இருங்க என்பாள், பிரியமாகத்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்துவிடுகிற ஆளாகத் தான் ஆகிவிடுவோம் என்று நினைத்தபோது அவருக்குச் சீட்டு குத்துவதைவிட அது அதிகமாகக் குத்தியது. புதன்கிழமை மில்லுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் சைக்கிள் ஷார்ட்ஸ் தைத்து விற்கிற பூங்கோதையின் கடைக்குப் போனார்.

அந்தக் கடையில் மெதுவாகத்தான் பேச வேண்டும். அலமாரிகளில் தூக்கங்கள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. சிலது மட்டும் லேசாகக் குறட்டை விட்டன. பூங்கோதை வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்றபடி வரவேற்றாள்.

"வாங்கண்ணா. இடுப்போட நிக்கறதா, தோள்ல மாட்டறதா?"

"என்னங்க வித்தியாசம்?"

"இடுப்புல எலாஸ்டிக் வச்சது வயித்த இறுக்கும். உள்ள இருக்கற தூக்கத்துக்கு மூச்சு முட்டி முழிச்சுக்கும். தோள்வார் வச்சதுன்னா தொட்டில்ல கெடக்கற மாதிரி கெடக்கும். ஆனா வழியில ஒதுங்கோணும்னா சட்டையக் கழட்டி வாரையும் கழட்டோணும். உங்க வயசுக்கு அதையும் ரோசன பண்ணிக்கங்க."

திருமூர்த்தி யோசித்தார். அவர் வயதுக்கு அது சின்ன விஷயமில்லை. இருந்தாலும் தன் வயிற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தோள்வார் என்றார்.

"உள்ள எதுவும் போடக்கூடாதுங்கண்ணா. நடுவுல இன்னொரு துணி இருந்தா, யாரு மேல கெடக்கறோம்னு அதுக்குத் தெரியாது. பொரண்டு பொரண்டு படுக்கும். தொடை உரிஞ்சு போயிரும்."

தரையோடு இறுக்கி வைத்த ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். முதலில் பஸ் தூக்கம். கூட்டமான டவுன் பஸ்களில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. எந்தப் பள்ளத்துக்கும் அசையாது. ஆனால் நாலு மிதி மிதித்ததும் திருமூர்த்தியின் கால் தானாக நின்றது.

"ஸ்டாப் வந்துருச்சுன்னு நெனக்குது. தட்டிக் குடுத்தா மறுபடியும் தூங்கிரும்" என்றாள் பூங்கோதை.

அடுத்தது விழா மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்து தூங்கியது. நிமிர்ந்து உட்காரப் பழகினது என்பதால் முதுகுக்கு அவ்வளவு இதம். நடுநடுவே மட்டும் கைகள் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுத் தட்டின. இறக்கத்தில் அது சரிவராது. மேல் தட்டில் குழந்தைத் தூக்கம் இருந்தது. அதைவிட மெத்தென்று உலகத்தில் எதுவும் கிடையாது என்றும், ஆனால் நனைத்துவிடும் என்றும் பூங்கோதை சொன்னாள்.

"வாட்ச்மேன் தூக்கம்னு சொல்லுவாங்களே?"

"அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுங்கண்ணா" என்ற பூங்கோதை, வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எத்தன வேணும்?" என்றாள்.

அவருக்கு அது வேண்டாம். யாரோ ஒரு வாட்ச்மேன் மாட்டிக்கொள்வாரோ என்று அதையும் நினைக்க வேண்டிவரும். வலி பெரிதாக இருப்பதால் பேடும் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இருப்பதிலேயே தடிமனானது எது என்று கேட்டார்.

பூங்கோதை இரண்டு கையாலும் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். தலைதீபாவளிக்கு மாமியார் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாப்பிள்ளையின் மத்தியானத் தூக்கம். தலையணை உயரம் இருந்தது. "இதுக்கு மேல சொகுசு கெடையாதுங்கண்ணா. நான் கண்டவங்களுக்கெல்லாம் இத வெளிய எடுக்கறதே இல்ல" என்றாள். அது பொய்தான். காலையிலேயே இரண்டு பேரிடம் காட்டியிருந்தாள்.

மறுநாள் மாலை திருமூர்த்தி அதை மாட்டிக்கொண்டு வெள்ளோட்டம் போனார். முதல் கொஞ்ச தூரம் சொர்க்கம். பிறகு தூக்கம் கனக்க ஆரம்பித்தது. ஒரு பக்கமாக ஒதுங்கித் தொடையிடுக்கில் திரண்டுகொண்டது. நிழல் கண்ட இடத்திலெல்லாம் சைக்கிள் ஓரங்கட்டியது. கடைசியில் யாரோ முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தும் நகரவில்லை. மாப்பிள்ளைத் தூக்கம் அல்லவா, யாராவது வந்து கூப்பிடாமல் எழுந்திருக்காது. அந்த வீட்டு அம்மாள் சட்டுவத்தோடு வெளியே வந்து பார்த்தாள்.

"எந்திரிங்க மாப்ள" என்றாள். சைக்கிள் அசையவில்லை. "எந்திரிங்க மாப்ள, காப்பி ஆறுது" என்று இன்னொரு தடவை சொன்னாள். சைக்கிள் நகர்ந்தது. திருமூர்த்தி அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கால்களை அகட்டி அகட்டி நடந்தபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார். வசந்தாமணி அவர் நடையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தேங்காயெண்ணெயை எடுத்துக் கொடுத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை அவரோடு அவளும் கடைக்கு வந்தாள்.

"போட்ட தூக்கத்தத் திருப்பி எடுக்கறதில்லீங்கண்ணா" என்றாள் பூங்கோதை.

"நீங்கதானே இதுக்கு மேல சொகுசு இல்லைன்னீங்க?"

"சொகுசுன்னுதான் சொன்னேன். சைக்கிள் ஓட்டலாம்னு சொன்னனா?" என்ற பூங்கோதை, அவர் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்தாள். "சொந்தத் தூக்கம்னா ஒத்துவரும். கொண்டாந்தீங்கன்னா நானே அழுத்தித் தெச்சுத் தாரேன்."

"அவருக்கு ஏதுங்க தூக்கம்? என்னோடத வேணா எடுத்துக்கங்க, எக்கச்சக்கமா கெடக்குது" என்றாள் வசந்தாமணி.

"பொண்டாட்டி தூக்கத்து மேல புருஷன் உக்காந்தா எட்டி ஒதச்சுருங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பூங்கோதை ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் படுத்து எழுந்து, அப்படியே சுருட்டிக்கொண்டு வர வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் திருமூர்த்தி துணியை விரித்துப் படுத்தார். கண்ணை மூடினார். பழைய மேலாளரிடம் ஒருமுறை பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார். உண்மையில் அது பரவாயில்லை என்று விடுகிற விஷயமே இல்லை. தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில் போதுமான அளவு சந்தோஷமாக இருந்தோமா? மகள் போனில் சாப்டீங்களாப்பா என்று கேட்டபோது, சாப்டேன் என்றுதான் சொன்னாரே தவிர, நீ சாப்டியா என்று திருப்பிக் கேட்கவில்லை. எப்போதோ பல்லடத்தில் ஒருவர் வழி கேட்டார். இடது என்று சொன்னோமா, வலது என்று சொன்னோமா? அந்த மனிதர் போய்ச் சேர்ந்தாரா? இப்படியே மணி நான்காகிவிட்டது. எழுந்து துணியைச் சுருட்டப் போனால், ஒரு கையால் தூக்க முடியவில்லை. வசந்தாமணி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் ஏற்றியபோது பின் டயர் அமுங்கியது.

பூங்கோதை துணியை விரித்து விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் இறங்கவில்லை.

"இது தூக்கமே இல்லீங்கண்ணா. சுத்தமான முழிப்பு."

"அப்ப வேண்டாமுங்களா?" என்றார் திருமூர்த்தி, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"வந்தது வந்துட்டீங்க, இருங்க" என்று அவள் அதை மெஷினில் வைத்துக் கைப்பிடியை இறக்கினாள். மெஷின் முனகியது. வெளியே வந்த தகடு கறுப்பாக, ஓர் அடையின் கனத்தில் இருந்தது. அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். குதித்தும் பார்த்தாள்.

"தூக்கம்னா அமுங்கும். இது எதுக்கு அமுங்கப் போகுது, முழிச்சுட்டுத்தான இருக்குது? ஒரு பக்கமா ஒதுங்கவும் ஒதுங்காது. நான் மொதல்லயே இதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். இதுவும் பொய்தான்.

வசந்தாமணி தகட்டைத் தடவிப் பார்த்தாள். "முப்பது வருசமா பக்கத்துல படுத்திருக்கேன். இத்தன இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். திருமூர்த்திக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் கிளம்பியது. எப்போதும் முன்னால் போகிற பல் டாக்டர் ஜெகதீசன், "அண்ணா, டீக்கடையில உங்களுக்கு ஒண்ண ஆத்தி வைக்கச் சொல்லிரட்டுங்களா?" என்றார்.

"சொல்லுங்க. நீங்க திரும்பி வர்றப்பக் குடிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பயம்தான். பேட் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. பிள்ளையார் கோயில் வந்தது. இடது பக்கம் சாயத் தயாரானார். தேவைப்படவில்லை. வலது பக்கமும் தேவைப்படவில்லை. கோயில் பின்னால் போய்விட்டது. பேட் விழித்துக்கொண்டிருந்ததால் பள்ளங்களை அவருக்கு முன்பே பார்த்து, அவரை அரை அங்குலம் தூக்கி, தாண்டியதும் கீழே இறக்கி வைத்தது. வழக்கம்போல எண்ணங்களும் வந்தன. மேலாளர் வந்தார், தங்கை வந்தாள், பல்லடத்து மனிதர் வந்தார். ஆனால் அவர்களுடைய இடம் இப்போது மேலே இல்லை. வந்த ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே போய் பேடுக்குள் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் சேரச் சேர பேட் இன்னும் கெட்டிப்பட்டது.

"ஏனுங்க, கேட்டப் பூட்டுனீங்களா?" என்று முன்னால் போய்க்கொண்டிருந்த வசந்தாமணி கேட்டாள்.

"தெரியலையே" என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டுச் சீட்டியடித்தார். குரல் இவ்வளவு பக்கத்தில் கேட்கவே அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளுக்குச் சரியாக ஒரு சக்கர தூரத்தில் இருந்தார்.

டீக்கடை வந்தது. மாஸ்டர் இரண்டு டம்ளர்களோடு ரோட்டோரம் நின்றிருந்தார். இருவரும் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் தானே குடித்தார்.

"பக்கத்துலயே வர்றீங்க" என்றாள் வசந்தாமணி.

"ஆமா."

"அப்ப அந்தப் பக்கமா வாங்க. எனக்கு வெயில் மறைக்கும்."

அவர் அந்தப் பக்கமாக வந்தார். மீதி ரோடு முழுக்க அவருடைய நிழலில் அவள் ஓட்டினாள்.

அணைக்கான பலகையைத் தாண்டி இறங்கியதும் சாலை முடிந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே பெரிய வெற்றிடம் இருந்தது. புல் முழுக்க ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. சுவரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜெகதீசனும் மற்றவர்களும் அந்தப் புல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அணை எங்கீங்க?" என்று திருமூர்த்தி கேட்டார்.

"இன்னும் வரலீங்கண்ணா. ஞாயித்துக்கெழம கொஞ்சம் மெதுவாத்தான் வரும். நாமதான் சீக்கிரம் வந்துட்டோம்" என்றார் ஜெகதீசன்.

சீக்கிரம் வந்துட்டோம் என்பதைத் திருமூர்த்தி மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதில் முடிச்சு எதுவும் இல்லை. வசந்தாமணி புல்லின் நடுவில் துண்டை விரித்து, தக்காளிச் சோற்று டப்பாவைத் திறந்தாள். இருவரும் அவசரமில்லாமல் சாப்பிட்டார்கள். அவள் கையை நக்கிக்கொண்டிருக்கும்போது குன்றுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஒலி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது.

"வந்துருச்சு" என்று எழுந்தார் ஜெகதீசன்.

எல்லாரும் எழுந்து, சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, அணை வருவதற்கு இடம் விட்டார்கள்.