பழசு இல்லை

கெட்டுப்போகவில்லையாம்… அவள் சொன்னது அதுவா, மொழிபெயர்க்க நின்ற எஸ்டேட் குமாஸ்தா, கிராணி கணேசமூர்த்தி, 'ரைஸ் இஸ் நாட் ஸ்டேல், சார்' என்று வாய் கூசாமல் இங்கிலீஷில் அடித்துவிட்டான், மானேஜரும் போலீஸுமாகத் தொரைமார் இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள், போலீஸ் தொரை எழுதியே விட்டான், பாவம் வள்ளியம்மா தன் குறையைத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்ட கையை இறக்காமல் நிற்கிறாள். 'பழசு இல்லீங்க தொரை, பழசு இல்லாம மரத்துக்குப் போனா கண்ணு இருட்டுதுங்க' என்றுதானே சொன்னாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகையில், குறை கேட்கக் கூட்டிய கூட்டத்தில் இருந்த அத்தனை தமிழ்க் காதுக்கும் விளங்கியது, ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து விடியலில் கரைத்துக் குடிக்கிற பழசு, அது இல்லை என்கிறாள், கிராணிக்குப் பழசு என்றால் பழையது, பழையது என்றால் ஸ்டேல், இல்லை என்றால் நாட், முடிந்தது காரியம். தெரியாமல் செய்தானா? ரொட்டியும் பட்டரும் தின்கிறவன், தெரியாமலும் இருக்கலாம்… ஆனால் கண் இருட்டுகிறதே, அதை எங்கே விட்டான், அதற்குமா இங்கிலீஷ் கிடைக்கவில்லை? நாகநாதன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே கிராணியின் முகத்தைப் பார்த்தான், துடைத்துவைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது, அந்த முகத்தில் எதையும் ஒட்டவைக்க முடியாது.

எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அவன்தான் டிரஸ்ஸர், மாதம் ஒருமுறை வெள்ளைக்கார டாக்டர் காரை விட்டு இறங்காத குறையாக வந்துபோவார், மற்ற நாளெல்லாம் ஊசியும் அவன், மருந்தும் அவன், பிரசவமும் அவன். மூன்று மாதமாக இந்தப் புதுச் சட்டம், ரந்தாவ் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது, வேலிக்குள் ஒரே பொது அடுப்பு, மத்தியானம் சோறு, சாயங்காலம் சோறு, வாங்கினதைத் தின்றுவிட வேண்டும், மிச்சத்தை ராத்திரி வைத்திருந்தால் அது காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்கு வைத்த சோறு, உள்ளே போடுவார்கள். விடியலில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரப்பர் பால் வெட்டப் போகிறார்கள், போன மாதம் மூன்று பெண்கள் மரத்தடியிலேயே விழுந்தார்கள், வள்ளியம்மாவின் மருமகள் தாயம்மாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்தான், பால் வற்றிவிட்டது, டின் பால் வாங்கலாம் என்றால் அதையும் காட்டுக்குக் கடத்தாமலிருக்கக் கடையிலேயே துளை போட்டுத்தான் தருகிறான், மறுநாள் புளித்துவிடுகிறது, பிள்ளை இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது, அழக்கூட அதற்குச் சத்து இல்லை. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால்… டிரஸ்ஸருக்குத் தெரியும், அதைச் சொல்ல டாக்டர் வர வேண்டாம். டாக்டரிடம் சொல்லாமலா இருந்தான், சொன்னான், அவரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 'நாக், அது நம் டிபார்ட்மெண்ட் இல்லை' என்றார், பசி எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் அதற்கும் பூர்த்தி செய்ய ஒரு பாரம் கொடுத்திருப்பார்.

சங்கம் மட்டும் என்ன, டிரஸ்ஸர்களுக்கென்று ஒரு சங்கம், போன ஞாயிற்றுக்கிழமை அம்பாங்கானில் கூட்டம், செயலாளர் நல்லசாமி நின்று, கனைத்து, 'மருந்து நம்ம வேலை, சட்டம் கவர்மெண்ட் வேலை, நாம படிச்சவங்க, படிச்சவங்க எல்லாத்துக்கும் வாயத் தொறந்தா நம்ம சொல்லுக்கு மதிப்பு ஏது' என்றார். போர்டிக்சன் பக்கத்து டிரஸ்ஸர் மணியம் பின்வரிசையிலிருந்து, 'அப்ப காய்ச்சலுக்கு மருந்து குடுக்கலாம், கொசுவப் பத்திப் பேசக்கூடாதுலா' என்றான், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுக் கையைத் தூக்கி, சட்டத்தைப் பற்றிச் சங்கம் பேசுவதில்லை என்ற தீர்மானத்தை நிறைவேற்றினார்கள், மணியம் கூடத் தூக்கினான். நாகநாதன்? தூக்கினான். நல்லசாமி சொன்னது பொய்யும் இல்லை, எல்லாவற்றுக்கும் பேசுகிறவன் பேச்சு சந்தையில் கூவுகிறவன் பேச்சு மாதிரி ஆகிவிடும்… ஆனால் அவருக்குச் சுகாதார போர்டில் ஒரு நாற்காலி வருகிறதாமே, நாற்காலி வரும்வரை மௌனமா, வந்த பிறகும் மௌனமா? சிரம்பானில் அவனைப் பெற்ற அப்பச்சி துணிமூட்டை விலை பேசுகிற அழகு ஞாபகம் வந்தது, எதிராளி வாயைத் திறக்கிறவரை மூன்று தேத்தண்ணி குடிப்பார், விலையை முதலில் சொல்லவே மாட்டார். அது துணி மூட்டை, வைத்தால் கெடாது.

பேசு என்கிறவனை மட்டும் நம்பிவிடலாமா? இங்கே கொட்டகையில் முன்வரிசையிலிருந்து தோட்டத்து யூனியன் சன்னாசி மூன்றாம் முறையாகத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறான், காலையில் ஆஸ்பத்திரிப் படியிலேயே பிடித்துக்கொண்டான், 'நாங்க கத்துனா கம்யூனிஸ்டும்பான், டிரஸ்ஸர் ஐயா சொன்னா எடுபடும்லா, நீங்க மெடிக்கல்.' ஐயாவாம், நேற்றுவரை சாதியைச் சொல்லிச் செட்டியாரே என்று கிண்டல் பண்ணினவன். என்னைப் பிடித்து உள்ளே போட்டால் இவனுக்கு ஒரு கூட்டம், ஒரு மாலை, ஒரு போட்டோ… சீச்சீ, அப்படியும் இல்லாமல் இருக்கலாம், அவன் பெண்சாதியும்தான் மரத்தடியில் விழுந்தாள். சரி, இவனுக்கு என்ன வேண்டும், அவனுக்கு என்ன வேண்டும் என்று ஊரையே எடைபோடுகிறாயே நாகநாதா, உனக்கு என்ன வேண்டும்? அந்தப் பிள்ளையா? இல்லை, கிராணியின் இங்கிலீஷில் ஓட்டை இருக்கிறது என்று தொரை முன்னால் காட்டுகிற ஆசையா? இரண்டும் கலந்துதான் இருந்தது, எது எத்தனை பங்கு என்று அவனுக்கே பிடிபடவில்லை.

'டிரஸ்ஸர், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?' போலீஸ் தொரை பேனாவை மூடிக்கொண்டே கேட்டான், மூடிக்கொண்டே கேட்கிறவனுக்கு என்ன பதில் வேண்டும் என்பது தெரிந்ததுதானே, இல்லை சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், எழுந்து நிற்கிறவரைக்கும் அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று நினைத்தான். ஆனால் வாய் வேறெதையோ சொல்லத் தொடங்கிவிட்டது, மொழிபெயர்ப்பில் ஒரு பிசகு சார், அவள் சோறு நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை, பழசு என்பது ஓர் உணவு, ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது, இவர்களுக்குக் காலை ஆகாரமே அதுதான், அது இல்லாமல் மூன்று பேர் விழுந்திருக்கிறார்கள், தாய்க்குப் பால் வற்றி ஒரு குழந்தை கிடக்கிறது, பழசு, பழசு… இங்கிலீஷில் அதற்குச் சொல் இல்லாததால் அந்த ஒன்றைத் தமிழிலேயே நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. கிராணி தரையைப் பார்த்தான். மானேஜர் தொரை சுருட்டைப் பார்த்தார். போலீஸ் தொரை பேனாவைத் திரும்பத் திறந்தான், 'இது ஆஸ்பத்திரியின் அபிப்பிராயமா, உன் அபிப்பிராயமா?'

நல்ல கேள்வி, கெட்டிக்காரன் கேட்கிற கேள்வி, என்னுடையது என்றால் ஒரு கூலிக்கார எஸ்டேட்டில் ஒரு டிரஸ்ஸரின் முணுமுணுப்பு, குப்பைக்கூடை, ஆஸ்பத்திரியுடையது என்றால் ஆஸ்பத்திரி என்பது யார், டாக்டரா, சங்கமா, இருபது கட்டிலும் ஒரு அலமாரியுமா… 'ஆஸ்பத்திரியுடையது' என்றான். தொரை எழுதினான், எழுதிய கையோடு தலை நிமிராமலே, 'ராத்திரியில் சோறு வைத்திருப்பது இவர்கள் வழக்கம் என்கிறாய். இப்போதும் வைத்திருக்கிறார்களா? இந்தப் பெண்பிள்ளை?' இதை, இந்தப் பக்கம் ஒரு கதவு இருப்பதை, எப்படிப் பார்க்காமல் போனான்? 'இல்லை சார், நிச்சயமாக இல்லை' என்றான், அவ்வளவு சீக்கிரம் சொன்னது அவன் காதுக்கே பொய்யாகப் பட்டது, நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. வாசலில் நின்ற காவல்காரர்களிடம் தொரை மலாயில் என்னவோ சொன்னான், இரண்டு பேர் தொழிலாளர் லைன் வீடுகளின் பக்கம் நடந்தார்கள். சும்மா பார்த்துவரவா, பானை பானையாகச் சோதிக்கவா…

அப்போதுதான் வள்ளியம்மா கும்பிட்ட கையை இறக்கினாள். 'ஐயா,' மெதுவாக, சுற்றிலும் யாருக்கும் கேட்காமல், 'பழசு பழசுன்னு தொரைகிட்ட என்னத்தையோ சொன்னீங்களே… எங்களப் பத்தி என்னா சொன்னீங்க?' கிராணியை அவன் பார்த்த அதே பார்வை, பீங்கான் தட்டில் எதையாவது ஒட்டவைக்கப் பார்க்கிற பார்வை, இப்போது அவன்மேல் நின்றது. நல்லதைத்தான் சொன்னேன் என்று சொல்ல வந்தான், நல்லதா… பேசலாமா கூடாதா என்று டாக்டரைக் கேட்டாயிற்று, சங்கத்தைக் கேட்டாயிற்று, தன்னையே எத்தனையோ தடவை கேட்டுப்பார்த்தாயிற்று, இவள் ஒருத்தியை, ஆஸ்பத்திரிக்குத் தினம் இரண்டு வேளை வந்து போகிறவளை, ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவே இல்லையே… அது ஏன்?