மாமியார் ஏறினால் ஓடும் வேன்

பாண்டெலிஸின் பழைய வேனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. மாமியார் ஏறி உட்கார்ந்தால் ஊரைச் சுற்றி ஓடும். அவர் இறங்கிவிட்டால் கல்லறைத் தோட்டத்து வளைவோடு சரி.

ஒரு மனிதனுக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல்முறையாக இந்த ஆகஸ்டில்தான் அவனும் எவாந்தியாவும் தனியாகக் கடற்கரைக்குப் போவதாக இருந்தார்கள். வேனை வெளியே எடுப்பதே ஆகஸ்டில்தான். இதுவரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேனின் பின் இருக்கையில் பொலிக்செனி அத்தை, இருக்கைக்கு அடியில் அவருடைய பெட்டி. பெட்டி என்றால் சாதாரணப் பெட்டி இல்லை, இரண்டு ஆள் பிடித்துத் தூக்க வேண்டும். வேனிலேயே படுக்கும் ராத்திரியில் பாண்டெலிஸ் மனைவியின் கையைப் பிடித்தால்கூடப் பின்னாலிருந்து ஒரு செருமல் வரும்.

ஈஸ்டர் விருந்தில், ஒயின் கொடுத்த தைரியத்தில், "அத்தை, இந்த வருஷம் நாங்க ரெண்டு பேர் மட்டும்..." என்று இழுத்தான். பொலிக்செனி ஆட்டுக்கறியிலிருந்து தலையைத் தூக்காமலே, "தாராளமா போயிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். அழுகை இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் காலைத்தான் வேன் வாரிவிட்டது. கிளம்பிய அன்றே, கல்லறை வளைவில், இன்ஜின் இருமியது, உதறியது, நின்றது. வோலோஸ் ஊர் வெயிலில் புருஷனும் பெண்டாட்டியும் வேனை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

ரிப்பேர் பார்க்க மினாஸ் வந்தான். இவர்கள் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் கிரீடம் மாற்றிவைத்த தோழன். அந்த உறவு இங்கே ரத்த உறவுக்கும் மேலே. அதனால் அவனை வேலையைவிட்டுத் துரத்தவும் முடியாது. இன்ஜின் மூடியைத் திறந்தான், ஐஸ் காபியை உறிஞ்சினான், தலையை ஆட்டினான்.

"ஸ்பார்க் பிளக்குடா. கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

"கண்ணைத் தொறந்துட்டே சொல்லு மினாஸ், புண்ணியமா போகும்" என்றாள் எவாந்தியா.

பிளக்குகளை மாற்றினான். வேன் கல்லறை வளைவில் நின்றது. அப்படியானால் கார்புரேட்டர்தான் என்று அதைக் கழற்றி, பெட்ரோலில் குளிப்பாட்டி, துடைத்து மாட்டினான். அந்த நேரத்தில் பொலிக்செனி ஒரு தட்டில் தண்ணீரும், கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயுமாக வாசலுக்கு வந்தார்.

"கார்புரேட்டராவது கத்திரிக்காயாவது! கண்ணு பட்டிருக்கு. எதிர்வீட்டுக்காரி போன வாரம் 'எவ்ளோ அழகா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க'ன்னு சொன்னாளே, அப்பவே நினைச்சேன்."

வெளியே வெயில் என்பதால் வேனுக்குள் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்து, தண்ணீரில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் மிதக்காமல் கரைந்தது. ஆயிற்று, திருஷ்டி உறுதி. யாருக்கும் கேட்காதபடி மந்திரத்தை முணுமுணுத்துவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். திருஷ்டி எவ்வளவு பலமோ, சுற்றுகிறவரின் கொட்டாவி அவ்வளவு பெரிது என்பார்கள். இது ஊரையே விழுங்கும் கொட்டாவி. அதைப் பார்த்து மினாஸ் கொட்டாவி விட்டான், பாண்டெலிஸ் விட்டான், வாசலில் படுத்திருந்த எதிர்வீட்டு நாயும் விட்டது.

"இப்ப சாவியைத் திருப்புங்க மாப்பிள்ளை."

வேன் பூனைக்குட்டி மாதிரி உறுமியது. அத்தையோடு துறைமுகம்வரை போய், கல்லறை வளைவையும் தாண்டித் திரும்பி வந்தார்கள். ஓர் இருமல் இல்லை.

"பாத்தியா, கார்புரேட்டர்!" என்றான் மினாஸ்.

"பாத்தியா, கொட்டாவி!" என்றார் பொலிக்செனி.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று பாண்டெலிஸ் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவன். அத்தையை இறக்கிவிட்டு, வாயெல்லாம் பல்லாக, மனைவியோடு கிளம்பினான். கல்லறை வளைவில் வேன் நின்றது.

மறுநாள் மினாஸ் பெட்ரோல் பம்பை மாற்றினான். பொலிக்செனி ஏறினார், கொட்டாவி விட்டார், வேன் பறந்தது. இறங்கினார், வேன் படுத்தது. வேனைத் தள்ளித் தள்ளிப் பாண்டெலிஸுக்குக் கல்லறைத் தோட்டக் காவலாளியே தினமும் வணக்கம் சொல்லும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டார். எவாந்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "ஏங்க, பேசாம அம்மாவையும் கூட்டிட்டே போயிடலாமா?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து வருடம் கழித்துக் கிடைத்த ஒரு வாரம்!

ஆச்சரியம் என்னவென்றால், பொலிக்செனியின் முகமும் வெளிறிப்போனது. "நானா? ஐயய்யோ, நான் எதுக்குடி? நீங்க போங்க. போயே ஆகணும்" என்றவர், பரபரவென்று தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வேனில் ஏறினார். "இன்னும் ஒரு தடவை சுத்திடறேன். இந்தத் தடவை வேரோட எடுத்துடுவேன்."

பெரிய மனுஷி, எவ்வளவு பெருந்தன்மை என்று பாண்டெலிஸ் உருகினான். இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்திலேயே நின்றான்.

மந்திரத்துக்கு நடுவில் மினாஸ், "பொலிக்செனியம்மா, எண்ணெய் வேஸ்டு, அதை இன்ஜின்லயாவது ஊத்துங்க" என்றான். அவனை நாலு வார்த்தை கேட்க அவர் இருக்கையிலிருந்து எழுந்தார். இன்ஜின் இருமியது. திட்டி முடித்து உட்கார்ந்தார். இன்ஜின் சீரானது.

பாண்டெலிஸுக்குப் பொறி தட்டியது. "அத்தை, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தார். இருமல்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். உறுமல்.

"எந்திரிங்க."

"என்ன மாப்பிள்ளை, டிரில்லா எடுக்கறீங்க?"

அவரைக் கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிட்டு இருக்கையைத் தூக்கினார்கள். அடியில் பெட்டி வைக்கும் இடம், காலி. அதன் தரைப்பலகைக்குக் கீழே, பேட்டரியிலிருந்து வந்து வேனின் உடம்போடு சேரவேண்டிய தடித்த கம்பி ஆடிக்கொண்டிருந்தது. திருகு மாட்டியிருந்த தகடு துருவில் கரைந்துபோயிருந்தது. பலகையை மேலிருந்து ஏதாவது அழுத்தினால் கம்பி ஒட்டும். இல்லாவிட்டால் குலுங்கும் வளைவில் பிரிந்துவிடும்.

"பத்து வருஷமா உன் மாமியா பெட்டி இதை அழுத்திப் பிடிச்சிருக்குடா" என்றான் மினாஸ். "இந்த வருஷம் பெட்டி இல்ல, வேன் உக்காந்துடுச்சு. தகட்டை வெட்டி வெல்டிங் வைக்கணும். ஆனா மாதா திருநாள் முடிஞ்சாதான் எவனும் பட்டறையைத் தொறப்பான்."

"வெல்டிங் எதுக்கு? பெட்டியையே வச்சிடலாமே!" பாண்டெலிஸ் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியிலிருந்த அத்தையின் அறைக்கு ஓடினான். கதவுக்குப் பின்னால் பெட்டி நின்றிருந்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான், அசையவில்லை. நிறைய அடைத்திருந்தது. ஓரத்தில் ஒரு புத்தம்புதிய சிவப்பு நீச்சலுடையின் பட்டை எட்டிப் பார்த்தது.

மூச்சிரைக்க வந்த பொலிக்செனி குறுக்கே நின்றார். "அதைத் தொடாதீங்க மாப்பிள்ளை!"

பாவம், கூப்பிடுவோம் என்று ஆசையாகப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாரே! பாண்டெலிஸ், "அத்தை, மன்னிச்சுடுங்க. நீங்களும் வாங்க" என்று சொல்ல வாயெடுத்தான்.

தெருவில் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தான். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் அகத்தோக்லிஸ், புதுத் தொப்பியோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

பொலிக்செனி தாவாங்கட்டையைத் தூக்கிக்கொண்டார். "எடிப்சோஸ் வெந்நீர் ஊத்துக்குப் போறோம். ஒரு வாரம். நீங்க கெளம்பினப்புறம் போலாம்னு இருந்தோம், நீங்கதான் கெளம்பித் தொலைக்க மாட்டேங்கறீங்களே!"

"அப்ப ஈஸ்டர்லயே..."

"ஈஸ்டருக்கு முன்னாடியே. பத்து வருஷமா உங்க குறட்டையைக் கேட்டுட்டு அந்த வேன்ல படுத்தேனே, அது எதுக்கு? என் பொண்ணு தனியா கஷ்டப்படக் கூடாதேன்னு."

பாண்டெலிஸுக்குச் சுருக்கென்றது. தான் அவரைக் கழற்றிவிடுவதாக அல்லவா நினைத்திருந்தான்! தன்னைக் கழற்றிவிட ஒருவர் எண்ணெயும் தண்ணீருமாக நாலு நாளாகப் பாடுபட்டிருக்கிறார்.

பொலிக்செனி சமையலறைக்குப் போய், ஆலிவ் ஊறும் தொட்டியின்மேல் பாரமாக வைத்திருந்த கல்லை எடுத்துவந்து, அவன் கையில் தொப்பென்று வைத்தார். அவன் முதுகு ஒடிந்தது.

"பெட்டிக்குப் பதிலா இதை வைங்க. உப்புத் தண்ணி வாசம் அடிக்கும், ஆனா ராத்திரியில செருமாது."

கல்லுக்குத் துணி சுற்றி, இருக்கைக்கு அடியில் வைத்துக் கிளம்பினார்கள். கல்லறை வளைவு வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். காவலாளி தள்ளிவிடத் தயாராகச் சட்டைக் கையை மடித்தார். வேன் முனகலில்லாமல் தாண்டியது. எவாந்தியா கத்திக் கைதட்டினாள். பாண்டெலிஸ் மட்டும் கண்ணாடியில் காலிப் பின்னிருக்கையைப் பார்த்தான்.

"வாங்கன்னு கூப்பிடலாம்னு வாயெடுத்தேன்டி. கேக்கவே இல்ல உங்கம்மா."

அப்போது பின்னாலிருந்து ஹாரன் அலற ஒரு கார் அவர்களை முந்திக்கொண்டு போனது. முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியும், காற்றில் பறக்கும் ஸ்கார்ஃபுமாகப் பொலிக்செனி. மாப்பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டினார். அத்தை இவ்வளவு அழகாகச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை பாண்டெலிஸ். ஆனாலும் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தன் கண்ணே பட்டுவிடக் கூடாதென்று, அந்தக் கார் போன திசையில் மூன்று முறை துப்பினான்.