நின்றால் மகன்

கறுப்புக் கார் தெருமுனையில் திரும்பியதுமே துர்சுனின் கால்கள் ஓடிவிட்டன. கதவைத் திறந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்த பிறகுதான், இது தான் வேலை பார்க்கும் கல்யாண மண்டபம் இல்லை, தன்னைப் பெற்றவள் வெள்ளைத் துணிக்குள் கிடக்கும் வீடு என்பது அவனுக்கு உறைத்தது. வந்தவர் இறங்கினார். அவன் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“நிழல்ல போடு. மகன் எங்க நிக்கிறாரு?”

துர்சுன் சாவியைப் பிடித்துக்கொண்டான். பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சாவு வீட்டு மகன்களின் வழக்கப்படி நீண்ட அங்கியின் மேல் துக்கத் துண்டை இடுப்பில் கட்டி, கைத்தடி ஊன்றி, அழுது சிவந்த கண்களோடு வாசலில் எல்யோர்பெக் நின்றிருந்தார். வந்தவர் நேரே அவரிடம் போய் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக்கொண்டார். துர்சுன் காரைக் கொண்டுபோய் முசுக்கொட்டை மர நிழலில் விட்டான். கண்ணாடிகளை ஏற்றியிருக்கிறோமா என்று ஒருமுறை சரிபார்க்கவும் செய்தான்.

பெற்றவளைப் பறிகொடுத்தவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்கள். துர்சுனுக்கு இரண்டும் நிற்க மாட்டேன் என்றன. விடியற்காலையில் அம்மா பஷோரத்தின் மூச்சு அடங்கியதிலிருந்து அவன் உட்காரவே இல்லை. தெருச் சங்கத்திலிருந்து பெஞ்சுகளைத் தானே தூக்கிவந்து மதில் ஓரம் போட்டான். குளிப்பாட்டும் பெண்களுக்குக் கொப்பரையில் வெந்நீர் வைத்தான். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் குழி வெட்டுபவரிடம் சொல்லிவிட்டு வந்தான். புழுதி அடங்கத் தெரு முழுக்க நீர் தெளித்தான். கை கொடுக்க வந்த அக்கம்பக்கத்தார் செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனார்கள். இந்த நமங்கான் ஊரில் சாவு வீட்டுக்காரனை யாரும் ஒரு துரும்பை அசைக்க விடமாட்டார்கள். இவனைத் தடுக்கத்தான் ஆளில்லை.

சமையற்கட்டுப் பக்கம் வந்தவனை மனைவி கவ்ஹர் கையைப் பிடித்து நிறுத்தினாள். தலையில் வெள்ளை முக்காடு, கண்ணில் நீர் இல்லை, கோபம் மட்டும் இருந்தது.

“இன்னிக்கு ஒரு நாளாவது ஒரு இடத்துல நில்லுங்க,” என்றாள். “வாசல்ல நின்னா மகன். ஓடினா வேலைக்காரன். வர்றவங்களுக்கு வேற எப்படித் தெரியும்?”

“ரெண்டு பேரும் மகன்தானே.”

“வயித்துல பொறந்தது நீங்க ஒருத்தர்தான். அந்தத் துண்ட அவர் இடுப்புல கட்டிவிட்டது யாரு?”

கட்டிவிட்டது அவனேதான். காலை ஏழு மணிக்கு எல்யோர்பெக் காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து, கிடந்தவளின் காலடியில் விழுந்து, “அம்மா, அம்மா” என்று கதறினார். அவர் அழுததைக் கேட்டுத்தான் பெண்களுக்கே அழுகை வந்தது. பிறகு எழுந்து, சட்டை மாட்டிவிடச் சொல்லும் குழந்தையைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். துர்சுன் மறைந்த தன் அப்பாவின் பட்டுத் துண்டை அவருக்குச் சுற்றிக் கட்டினான். தனக்குப் பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கினான். பெஞ்சு தூக்கும்போது அது நழுவிக்கொண்டே இருந்தது. அவிழ்த்துக் குழாயின் மேல் போட்டான். இப்போதும் அது அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை ஊருக்கே தெரிந்தது. ஐம்பத்துமூன்று வருஷங்களுக்கு முன்னால் பருத்தி ஆலை இயக்குநரின் மனைவி ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டுச் சுரத்தில் படுத்தாள். பால் இல்லை. அந்த ஆலையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பஷோரத்துக்குப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்பது நாள் கழியாமல் பிள்ளை பெற்றவள் வாசற்படி தாண்டக் கூடாது. ஆனால் இயக்குநரின் கார் வாசலுக்கு வந்து நின்றால் எந்த நாற்பதும் இருபதாகிவிடும். மருத்துவர் வந்து அவளைப் பார்த்தார், சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். முதலில் இயக்குநரின் மகன் எல்யோர், அவன் வயிறு நிறைந்து தூங்கிய பிறகு சமையற்கட்டுத் தொட்டிலில் கிடந்த துர்சுன். பல நாள் துர்சுனுக்கு மிஞ்சியது சர்க்கரை போட்ட தேநீர்தான். பால் நன்றாக ஊறவேண்டுமென்று பஷோரத்துக்கு ஈரலும் வெண்ணெயும் கொடுத்தார்கள். “பால் அவளோடதா இருக்கலாம், வெண்ணெய் எங்களோடது” என்று இயக்குநரின் மனைவி கடைசிவரை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

பால் மறந்த பிறகும் பஷோரத் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள், சமையலுக்கும் மற்றதற்கும். எல்யோருக்குச் செருப்பு வேண்டுமா, பந்து மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்ததா, “ஓடு துர்சுன்” என்பாள். இருபத்திரண்டு நாள் இளையவனை, “அகா” என்று, அண்ணன் என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பள்ளியில் இருவருக்கும் ஒரே மேசை. இலையுதிர்காலத்தில் பள்ளியையே பருத்திக் காட்டுக்கு ஏற்றிப் போனால், நெஞ்சு பலவீனம் என்று எல்யோருக்கு மருத்துவச் சீட்டு வரும். அந்தப் பங்கையும் சேர்த்து துர்சுன் பறிப்பான். எட்டாம் வகுப்பு முடிந்ததும் கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து, பையனை மேலே படிக்க வையுங்கள் என்றார். பஷோரத் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, “நமக்கு அதெல்லாம் எதுக்கு?” என்றாள். எல்யோர் தாஷ்கண்டுக்குப் போய்ப் படித்தார், திரும்பிவந்து கூரை ஓட்டுத் தொழிற்சாலையும் மண்டபமும் கட்டினார். துர்சுன் பட்டாளத்துக்குப் போனான், பிறகு ரஷ்யாவில் எட்டு வருஷம் சிமெண்டு சுமந்தான், முதுகு போய்த் திரும்பினான். மண்டப வாசலில் நிற்கும் வேலையை எல்யோர்தான் மனமிரங்கிக் கொடுத்தார். நிற்கும் வேலை என்றுதான் பெயர்.

நேற்று சாயங்காலம் அம்மாவுக்கு நினைவு திரும்பியது. துர்சுன் கரண்டியால் நீர் புகட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கூர்ந்து பார்த்து, “எல்யோர் சாப்பிட்டானா?” என்று கேட்டாள். சாப்பிட்டார் என்றான். அதன் பிறகு அவள் பேசவில்லை. கவ்ஹரிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. அது காலையிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது. வெட்கமாகவும் இருந்தது, செத்துப்போனவளிடம் கணக்குக் கேட்கிறோமே என்று.

மனைவி சொன்னதை மதித்து அவன் வாசலுக்குப் போய் எல்யோர்பெக்கின் பக்கத்தில் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினான், முன்னால் கட்டினான். வந்தவர்கள் எல்யோர்பெக்கின் கையைப் பற்றினார்கள், தோளைத் தட்டினார்கள், இவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். தெரிந்த நாலு பேர் மட்டும் இவன் கையையும் பிடித்தார்கள். இளவயது இமாம் வந்தார். “துர்சுன், கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?” என்றார். அவன் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு அதோ என்று கை காட்டினான். நகரவில்லை. அதுவே பெரிய காரியமாகத் தோன்றியது. அப்போது கைத்தடியோடு ஒரு கிழவர் தள்ளாடி வந்தார். எல்யோர்பெக் மூக்கைத் துடைத்துக்கொண்டே, “துர்சுன், அவருக்கு ஒரு நாற்காலி” என்றார். அதில் ஆணவம் எதுவும் இல்லை, மூச்சு விடுவதுபோலச் சொன்னார்.

“இதோ அகா.”

அவன் பாதித் தெரு போன பிறகுதான் தான் ஓடுவதையே கவனித்தான். வாசலில் கவ்ஹர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

மதியத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் பாடையை வைத்தார்கள். பஷோரத் எப்படிப்பட்ட மனுஷி என்று இமாம் கூட்டத்தைப் பார்த்து வழக்கப்படி கேட்டார். நல்ல மனுஷி, நல்ல மனுஷி என்றது கூட்டம். மகன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார் இமாம். அவர் கண் போன இடத்துக்கே எல்லோர் கண்ணும் போனது. எல்யோர்பெக் ஓரடி முன்னால் வந்தார். “எங்க அம்மா மேல யாருக்காவது மனக்குறை இருந்தா, என் முகத்துக்காக மன்னிச்சிடுங்க,” என்றார். குரல் உடைந்தது. பெரிய பெரிய ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். மனக்குறை உள்ளவன் ஒருவன் மூன்றாவது வரிசையில் நின்றிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டம்வரை தோள் மாற்றித் தோள் மாற்றிப் பாடை விரைந்தது. துர்சுன் முன்னால் ஓடினான், பின்னால் ஓடினான், அரை வழியில் ஒருமுறை மட்டும் அவன் தோளுக்கு இடம் கிடைத்தது. அம்மா இவ்வளவு லேசா என்று நினைப்பதற்குள் வேறொரு தோள் வந்து தாங்கிக்கொண்டது.

குழி தயாராக இருந்தது. ஆளுயரம் இறங்கினால், பக்கவாட்டில் ஒரு சிறிய அறையாக மண்ணைக் குடைந்திருந்தார்கள். குழி வெட்டுபவர் உள்ளே நின்றார். அறையின் வாயை அடைக்கும் சுடாத பச்சைச் செங்கற்கள் தூரத்தில் அடுக்கியிருந்தன. யாரும் சொல்லாமலே துர்சுன் போய் அவற்றைக் நடைக்கு நான்காகக் கொண்டுவந்து கரையில் வைத்தான். மூன்றாவது நடையில் அவன் வரும்போது இமாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பெத்தவள வாங்கி வைக்க மகன் இறங்கட்டும்.” கூட்டம் விலகி வழி விட்டது. எல்யோர்பெக் காலணிகளைக் கழற்றி, அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே குழிக்குள் இறங்கியிருந்தார்.

துர்சுன் கையிலிருந்த கற்களைக் கீழே போட்டான். இரண்டு உடைந்தன. ஆட்களை இடித்துக்கொண்டு கரைக்கு வந்தான்.

“எல்யோர்,” என்றான். “நீ ஏறு.”

ஐம்பத்துமூன்று வருஷத்தில் அவன் வாயில் வந்த முதல் ‘நீ’ அது. சுற்றியிருந்தவர்கள் அவனை இப்போதுதான் பார்ப்பவர்கள்போலப் பார்த்தார்கள். காலையில் சாவி கொடுத்தவரும் அவர்களில் இருந்தார்.

எல்யோர்பெக் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. மற்றவன் தட்டில் கை வைத்துப் பிடிபட்ட பையனின் முகமாக இருந்தது.

“எனக்கும் அவ அம்மாதான்டா.”

“தெரியும். ஏறு.”

“ரெண்டு பேருமா வாங்கி வைப்போம்.”

“வேணாம்.”

எல்யோர்பெக் கையை மேலே நீட்டினார். கனத்த உடம்பு, தனியாக ஏற முடியாது. துர்சுன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கடைசியில் குழி வெட்டுபவர்தான் கீழிருந்து முட்டுக் கொடுத்து அவரை வெளியே தள்ளினார். பட்டுத் துண்டெல்லாம் மண். அவர் ஒதுங்கிப் போய், காலணிகளைக் கையில் பிடித்தபடி கூட்டத்தோடு நின்றார்.

துர்சுன் இறங்கினான். மேலிருந்து மெல்ல இறக்கிய அம்மாவை இரண்டு கைகளிலும் வாங்கினான். ஒருவர் கையும் குறுக்கே வரவில்லை. குனிந்து, முழங்காலால் நகர்ந்து, குடைந்த அறைக்குள் அவளைக் கொண்டுபோய் வைத்தான். முகத்தைத் தொழுகைத் திசைக்குத் திருப்பினான். வெள்ளைத் துணியில் தலைமாட்டில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று, மூன்றையும் அவிழ்த்தான். முடிச்சுகளைக் கவ்ஹர்தான் போட்டிருக்க வேண்டும், லேசில் அவிழவில்லை. குழி வெட்டுபவர் கல்லை வாங்கிக்கொண்டு காத்திருந்தார். இனி வெளியே வரவேண்டியதுதான் பாக்கி.

வரவில்லை.

இமாம் இரண்டு முறை கனைத்தார். பிறகு விளிம்பில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், “துர்சுன் அகா, ஏறி வாங்க. எல்லாரும் நிக்கிறாங்க,” என்றார்.

“நிக்கட்டும்,” என்றார் துர்சுன்.

மேலே வெயில் தகித்தது. ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் மண்டப விருந்தாளிகளும் தலையில் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். யாரோ மணி பார்த்தார்கள், யாரோ இருமினார்கள். உள்ளே மண் குளிர்ச்சியாக இருந்தது. அவர் அம்மாவின் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.