இருபத்தேழாம் நோன்பு

பலீலுக்குச் சீனி வருத்தம் என்று டாக்டர் இராஜநாயகம் சொன்னபோது அவருக்கு வயது முப்பத்தாறு. தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. பலீல் ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் மனைவி மர்லியா போடப் பழகினாள். ஊசியைக் கொதிநீரில் அவிப்பாள். மருந்துக் குப்பியை ஈரமணல் சட்டியில் வைத்துக் குளிர்ச்சியாகக் காப்பாள். ஊசி போட்டதும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழும்பமாட்டாள். போட்டபின் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து, மயக்கம் வந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஆறு வருடம் அப்படியே போனது. உடம்பு தேறியது. கொட்டாஞ்சேனையில் பொத்தானும் நூலும் விற்ற கடையை வருத்தத்துக்காக ஒரு நாள்கூட அவர் பூட்டவில்லை.

நோன்பு மாதம்தான் கஷ்டம். நோயாளிக்கு விலக்கு இருக்கிறது என்று பள்ளிவாசல் லெப்பையே சொல்லியிருந்தார். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி தின்பது பலீலுக்கு அவமானமாக இருந்தது. தன் வருத்தத்தைப் பற்றிக் கடைத்தெருவில் யாருக்கும் அவர் சொன்னதில்லை.

1938, இருபத்தேழாம் நோன்பு; அந்த மாதத்திலேயே மிகப் புனிதமான நாள். காலையில் மர்லியா ஊசி போட்டு, ரொட்டியை முன்னால் வைத்துவிட்டு, அன்று மட்டும் பக்கத்தில் உட்காராமல், பள்ளிவாசலுக்கு அனுப்பும் நோன்புக் கஞ்சிக்கு அரிசி கழுவப் போனாள்.

"திண்டீங்களா?" என்று குசினியிலிருந்து கேட்டாள்.

"ஓம், திண்டுட்டேன். போய்ட்டு வாறேன்."

பத்தரை மணிக்கு அலுமாரியைத் திறந்தவள், கடதாசியில் சுற்றி வைத்திருந்த ரொட்டியைக் கண்டாள். ஒரு பிடி சீனியை முந்தானையில் முடிந்துகொண்டு வீதியில் ஓடினாள்.

கடை வாசலில் கூட்டம். பக்கத்துக் கடை மஷூர், பலீலின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் ஊறியிருந்தது. மூச்சு நின்றிருந்தது. மர்லியா முந்தானை முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

"நோன்போட மவுத்தாகினார், பாக்கியசாலி" என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும்.

நாற்பதாம் நாள் மஷூர் வந்து, கணவரை இழந்து மறைவில் இருந்த மர்லியாவின் திரைக்கு வெளியே நின்றார்.

"ராத்தா, ஒண்டு கேக்கணும். அவர் விழுந்த ஒடனே ஒராள் சீனி போட்ட தேத்தண்ணி கொண்டு வந்தார். நாந்தான் நோன்பு முறிஞ்சிடும் எண்டு தடுத்தேன். நான் செஞ்சது சரிதானே?"

மர்லியா திரைத்துணியைப் பற்றிக்கொண்டாள். அந்தத் தேத்தண்ணீரில் ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சரிதான் தம்பி," என்றாள். "அவர்ட நோன்ப நீங்க காப்பாத்தினீங்க."

மஷூர் விம்மியபடியே ஸலாம் சொல்லிப் போனார். காலடி ஓசை ஓய்ந்த பிறகு மர்லியா தரையில் உட்கார்ந்தாள்.

"நோன்பு எண்டு என்னட்டச் சொல்லி ஈக்கலாமே," என்றாள், கணவர் எதிரில் இருப்பதுபோல. "அண்டைக்கு ஒரு நாள் ஊசி போடாம விட்டிருப்பேனே."