மேட்டில் மட்டும் வரும் விசில்

மூன்றாவது முறையாக என் தங்கை அந்தக் காரைக் கொண்டுவந்து, பட்டறை வாசலில் குறுக்கே நிறுத்தினாள். குறுக்கே நிறுத்தினால் கோபம் என்று அர்த்தம். சின்ன வயதில் செருப்பைக் கூட அப்படித்தான் விடுவாள், தடுக்கி விழட்டும் என்று.

"அண்ணா, இன்னைக்கும் விசில் அடிக்குது. மேட்டுல ஏறவே மாட்டேங்குது."

பானெட்டைத் திறந்தேன். எஞ்சினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். இந்தச் சாய்ப்புக்குத்தான் தெருவில் எனக்குக் 'காது' என்று பெயர். ஸ்கேனரைச் செருகிக் கோளாறு தேடும் மெக்கானிக்குகளைக் கண்டால் எனக்கு இளக்காரம். வண்டி வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கத் தெரியாதவன் ஸ்பேனரைத் தொடவே கூடாது என்பேன், அதுவும் அவர்கள் காதில் விழும்படி.

"ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

அது மட்டும் உண்மை. இரண்டு வருடமாக எனக்கு மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் கேட்பதில்லை. லொடலொட, கடகட எல்லாம் கேட்கும். விசிலும் கீச்சும் போயே போய்விட்டன. மகளுக்குக் காய்ச்சல் வந்தால், தெர்மாமீட்டர் பீப் அடித்ததா என்று தெரியாமல் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனைவியிடம் கூட மூச்சு விடவில்லை. 'காது'க்கே காது போச்சு என்று தெரு சிரிக்குமே என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது.

முதல் முறை வந்தபோது ஏர் ஃபில்டரை மாற்றினேன். இரண்டாம் முறை ஒரு சென்சாரை மாற்றிவிட்டு, "வண்டில ஒண்ணுமில்ல, பயத்துல உனக்கு அப்படிக் கேக்குது" என்று அனுப்பினேன். அவள் நர்ஸ். ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். தினமும் அந்த ஏற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"நேத்து பாதி மேட்டுல வேகம் இருபதுக்கு இறங்கிடுச்சு. பின்னாலேயே லாரி. அவன் ஹார்ன்ல வச்ச கையை எடுக்கவே இல்ல. நாளைக்கும் நான் அதே மேட்டுல போகணும். ஏறு, வந்து நீயே கேளு."

சாக்குச் சொல்லப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேடு தொடங்கியதும் பெடலை அழுத்தி மிதித்தாள். வண்டி எழுந்திருக்க மனமில்லாதவனைப் போல இழுத்தது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. கண்ணாடியில் ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால் தானாகத் தரையை மிதித்தது. அவள் என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடியே இருந்தாள். நான் சாலையைப் பார்த்தேன். பஸ் எங்களை உரசுவது போல முந்திப் போனது.

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது கேட்டாள். "இப்போ கேக்குதா?"

"ம், கேக்குது. சன்னமா."

ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"மேட்டுல காதைக் கிழிச்சுதே, அப்போ நீ வாயே திறக்கல. இப்போ என் கால் பெடல்லயே இல்ல, விசிலும் இல்ல. எத்தனை நாளாண்ணா உனக்கு இப்படி?"

கோபப்பட நினைத்தேன். கோபம் எனக்கு எப்போதும் மூக்குநுனியில் இருக்கும். அன்று தேடியும் கிடைக்கவில்லை.

"ரெண்டு வருஷம்."

"நான் செத்திருப்பேன், தெரியுமா" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் காதை ஓரம் கட்டிவிட்டு வேலை பார்த்தேன். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தள்ளும் பாதையின் வாயை அடைத்தேன். கம்ப்ரெஸரிலிருந்து அளவாகக் காற்றைக் கொடுத்து, ரப்பர் குழாய்கள் மேல் சோப்புத் தண்ணீர் விட்டேன். ஒரு குழாயின் அடிப்பக்கம் நுரை பொங்கியது. நகத்தளவு கிழிசல். வண்டி நின்று ஓடும்போது மூடிக்கொள்ளும். மேட்டில் அழுத்தம் ஏறினால் வாய் பிளந்து காற்றை வெளியே விட்டுவிடும். அப்புறம் எஞ்சினுக்கு ஏது பலம்? முதல் நாளே மேட்டுக்குப் போயிருந்தால் பிடித்திருக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டு எனக்குக் கேட்காமல் போய்விடுமே என்றுதான் இரண்டு வருடமாக யாரோடும் வண்டியில் ஏறாமல் இருந்தேன்.

புதுக் குழாய் போட்டபின் அவளே தனியாக மேட்டை ஏறி இறங்கி வந்தாள். வண்டியை நேராக நிறுத்தினாள்.

"சத்தம் வருதுன்னு வந்தவங்கள்ல, பயம்னு நீ திருப்பி அனுப்பினது என்னை மட்டும்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு டீச்சர் வந்திருந்தார், ஐந்தாறு மாதம் இருக்கும், அவரையும் அப்படித்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். தங்கை என் போனை வாங்கி, எண்ணைத் தேடி, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"டீச்சர், பட்டறையிலேருந்து பேசுறேன். உங்க வண்டில விசில் சத்தம் வருதுன்னு சொன்னீங்களே, இப்பவும் வருதா?"

"தெரியலைங்க. பயத்துல கேக்குதுன்னு நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் நான் ஓட்டுறதையே விட்டுட்டேன். காதைக்கூட டாக்டர்கிட்ட காட்டினேன். நல்லாத்தான் இருக்குன்னாரு."

எதிர்ப் பட்டறைக்காரன் ஸ்கேனரும் கையுமாக இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்க காது நல்லாத்தான் இருக்கு டீச்சர். என் காதுலதான் கோளாறு. நாளைக்குக் காலையில நானே வரேன். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். சத்தம் எப்போ வருதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."