வெர்டெல் வீட்டு வில்லங்கம்

குவின்டனிடம் வீடு வாங்கக் காசு கிடையாது. இந்தத் தொழிலுக்குக் காசே வேண்டாம் என்று சொல்லித்தான் கோச் அவனிடம் காசு கறந்திருந்தான். கோச் என்பவன் கம்ப்யூட்டர் திரையில் மட்டும் வருகிற ஆள். எந்த ஊர்க்காரனோ, பின்னால் எப்போதும் ஒரு நீச்சல்குளம் தெரியும். அவன் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கஷ்டத்தில் இருக்கிறவனின் வீட்டைக் கண்டுபிடி, குறைந்த விலைக்கு அக்ரிமென்ட் போடு, ரொக்கம் வைத்திருக்கிற ஒருவனிடம் அந்த அக்ரிமென்ட்டைக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடு. நடுவில் நிற்பது உன் பணம். இதற்கு ஹோல்சேல் என்று பெயர் வைத்திருந்தான். எங்கள் மேக்கன் ஊரில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு. அதெல்லாம் அச்சில் ஏறாது.

குவின்டனுக்கு இருபத்தொன்பது வயது. கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போயிருந்தது. வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வான். புல் வெட்டாத வீடு, தபால்பெட்டி பிதுங்குகிற வீடு, கூரையில் நீலத் தார்ப்பாய் போட்ட வீடு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து, மஞ்சள் தாளில் கைப்பட எழுதிப் போடுவான்: 'உங்கள் வீட்டை வாங்க எனக்கு ஆசை.' நூற்றுப்பத்துக் கடிதம் போட்டதில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். அதில் இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள். மூன்றாவது ஆள் வெர்டெல் ஸ்டோக்ஸ்.

கதவைத் திறந்ததுமே அந்த அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நில்லு. இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும். மூணாவது ஸ்டாப்பு. ஷூ லேஸ் கட்டாம ஓடி வருவியே, அவன்தான நீ?"

"மிஸ் வெர்டெல்! இன்னும் ஸ்கூல் பஸ்ஸு ஓட்டறீங்களா?"

"பின்ன? நான் வண்டிய விட்டு எறங்கினா வீட்ல அடுப்பு எரியாது. உள்ள வா ராசா. உனக்காக எத்தன நாளு ரெண்டு நிமிஷம் கூட நிறுத்தியிருப்பேன்! பின்னாடி நிக்கிறவன்லாம் ஹாரன் அடிச்சே ஓஞ்சு போவான்."

குவின்டனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தெரிந்தவர்கள் என்றால் காரியம் சுலபம் என்றும் ஓர் எண்ணம் ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. புருஷன் லானி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதில் வீட்டுக் கடன் தவணை நின்றுவிட்டது. இன்னும் இரண்டு மாதம். அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை கோர்ட் படிக்கட்டில் ஏலம். இங்கே எல்லா ஏலமும் மாதத்தின் முதல் செவ்வாயில்தான்.

"ஏலத்துக்குப் போச்சுன்னா கடனோட கடனா எல்லாம் போயிரும், எனக்கு ஒரு சல்லி மிஞ்சாது. அதுக்கு முன்னாடி வித்துட்டேன்னா கடன் போக முப்பதாயிரம் டாலரு நிக்கும். ஆத்துக்கு அந்தாண்ட சக்கரம் வச்ச ஒரு பழைய ட்ரெய்லர் வீடு பார்த்து வச்சிருக்கேன். எனக்குன்னு ஒரு கதவு, அதுக்கு ஒரு சாவி. வேற என்ன வேணும் சொல்லு? நீயே வாங்கறியா?"

"எங்க கம்பெனி வாங்குதுங்க."

கம்பெனி என்றால் அவன்தான். காரின் பின்சீட்டுதான் ஆபீஸ். அவள் கண்ணாடியைத் தேடினாள், கிடைக்கவில்லை, 'நீ தப்பாவா எழுதியிருக்கப் போற' என்று சொல்லி அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவன் வாங்கி முடிக்க நாற்பத்தைந்து நாள் கெடு.

மறுநாளே குவின்டன் கோர்ட்டுக்குப் போனான். கோச்சின் ஐந்தாம் பாடம் அது. இந்த வீட்டின் மேல் எனக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று ஒரு பத்திரம் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கிப் பதிவு செய்துவிட வேண்டும். அப்புறம் வேறு எவனும் குறுக்கே வந்து கொத்திக்கொண்டு போக முடியாது. அதாவது வீட்டுக்குப் பூட்டு. முத்திரை விழுந்த பத்திரத்தைப் படம் எடுத்து கோச்சின் குழுவில் போட்டான். அறுபத்து மூன்று பேர் சபாஷ் சொன்னார்கள். வெர்டெலிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று பாடத்தில் இல்லை.

வாங்க வந்தவர்களில் பெரிய ஆள் கெஸ்லர் என்பவர். உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார், தரைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெர்டெல் கொடுத்த சர்க்கரை போட்ட குளிர் டீயை இரண்டு கிளாஸ் குடித்தார். வெளியே வந்ததும் குவின்டன் ஆர்வக்கோளாறில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: கடன் எவ்வளவு, அவள் ஏன் விற்கிறாள், ஏலத் தேதி என்றைக்கு. தேதியைக்கூடவா சொல்வான் ஒருவன்! கெஸ்லர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கூரை போயிருச்சு தம்பி, அடியும் ஆடுது. எனக்குக் கட்டாது" என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். மற்றவர்கள் வந்து பார்க்கக்கூட இல்லை.

நாற்பத்தைந்து நாள் ஓடிவிட்டது. 'முடியலைங்க, வேற ஆளப் பாருங்க' என்று சொல்லியிருக்கலாம். நல்லவனாக கோர்ட்டில் பதிந்த அந்தப் பத்திரத்தையும் ரத்து செய்திருக்கலாம். அவன் இரண்டையும் செய்யவில்லை. வெர்டெல் கூப்பிடும்போதெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தொழிலுக்கென்று மாத வாடகைக்கு ஒரு நம்பர் வைத்திருந்தான். அந்த மாதம் வாடகை கட்டாததால் அதுவும் செத்துப்போனது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. பூட்டைப் போட்டவன் சாவியோடு கம்பி நீட்டிவிட்டான்.

வெர்டெல் சும்மா இருக்கவில்லை. பஸ் டிப்போ மெக்கானிக் ஆல்ஃபர்ட், மகளுக்காக வீடு தேடிக்கொண்டிருந்தவன், ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஏலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை வக்கீல் அம்மா ப்ரூயிட்டின் ஆபீஸில் பத்திரம் முடிப்பதாக ஏற்பாடு. வில்லங்கம் பார்த்தபோது குவின்டனின் பத்திரம் பல்லைக் காட்டியது; வெள்ளிக்கிழமைக் காரியம் நின்றுபோனது. அவன் வந்து 'எனக்கு இந்த வீட்டில் பாத்தியதை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆச்சு. அவன் நம்பரோ செத்துக் கிடக்கிறது. ஏலத்துக்கு முந்தின நாள் திங்கட்கிழமை, வெர்டெல் காலை பஸ் ஓட்டத்தை முடித்துவிட்டு, மூன்றாவது ஸ்டாப்புக்குப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கடைசியில் அவன் சித்தி மகள் கிடைத்தாள். அவள் மூலமாகத்தான் சேதி வந்தது.

குவின்டன் வக்கீலுக்குப் போன் போட்டான்.

"அஞ்சு நிமிஷ வேலை சார். இன்னிக்கே வந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"இதோ கிளம்பிட்டேங்க" என்றான். கிளம்பியும்விட்டான். போகிற வழியில் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை கேட்டான் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. 'சும்மா கையெழுத்துப் போட்டுடாதே. அந்தக் கையெழுத்துதான் உன் சம்பளம்' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். இரண்டாயிரம் டாலர் கேட்டு வக்கீலுக்குச் சேதி அனுப்பினான்.

பத்து நிமிஷத்தில் வக்கீலே கூப்பிட்டாள். "மிஸ் வெர்டெல் தன் பங்குல இருந்து தர்றேன்னுட்டாங்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வந்துடுங்க." குரலில் ஈரமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோச்சே நேரடியாக எழுதினான்: 'உடனே ஒத்துக்கொண்டார்கள் என்றால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தாயிரம் கேள். ஏலம் நாலு மணி வரைக்கும்தானே? இழுத்தடி.' ஏல நோட்டீஸில் பத்து மணி முதல் நாலு மணி என்றுதான் போட்டிருந்தது. அதற்குள் எந்த நிமிஷத்திலும் எந்த வீட்டையும் கூப்பிடுவார்கள் என்பது இங்கே படிக்கட்டில் நிற்கிறவனுக்கெல்லாம் தெரியும். நீச்சல்குளத்துக்காரனுக்கு என்ன தெரியும்? குவின்டனுக்குத்தான் என்ன தெரியும்?

ஐந்தாயிரம் கேட்டு அனுப்பிவிட்டு, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகக் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தான். வக்கீல் மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நான்காவதாக வந்தது வெர்டெலின் நம்பர். அதையும் எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. 'எனக்கு ஒண்ணும் வேணாம், வந்துட்டிருக்கேன்' என்று அனுப்பிவிட்டு வண்டியை விரட்டினான்.

வக்கீல் ஆபீஸ் கோர்ட்டுக்கு எதிரே. காரை நிறுத்திவிட்டு ஓடுகிறபோது படிக்கட்டிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"தம்பி! நல்ல வீடாக் காட்டினப்பா!" கெஸ்லர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "பேங்க்கு கேட்டதுக்கு மேல ஒரே டாலரு. வேற எவனும் வாயே தொறக்கல. முடிஞ்சு பத்து நிமிஷம்கூட ஆகல."

"கூரை போயிருச்சுன்னீங்களே?"

"கூரைய மாத்திக்கிட்டாப் போச்சு. அந்தம்மாவ ரெண்டு வாரத்துல காலி பண்ண வைக்கணும். உனக்குத்தான் பழக்கமாச்சே. நயமாப் பேசிச் சாவிய வாங்கிக் குடு, ஆயிரம் தர்றேன். இதே மாதிரி வேற வீடு இருந்தாலும் கொண்டா." தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

குவின்டன் வக்கீல் ஆபீஸ் இருந்த கட்டிடத்துக்குள் நுழைந்தான். எப்படி மாடி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

வெர்டெல் டிப்போ சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆல்ஃபர்ட். வக்கீல் உள்ளறையில் பேங்க் வக்கீலைப் போனில் பிடித்து, இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஏலம் முடிந்த சங்கதி இன்னும் இந்த மாடிக்கு ஏறவில்லை.

அவனைப் பார்த்ததும் வெர்டெலுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்தியா ஆல்ஃபர்ட்! நான் சொல்லல? லேட்டா வருவான், ஆனா வராம இருக்க மாட்டான். ஒக்காரு ராசா, மூச்சு வாங்குது பாரு உனக்கு."

குமாஸ்தாப் பெண் தாளை நகர்த்தினாள். படிக்கட்டில் கேட்டதைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டான். அந்தப் பெண் முத்திரை குத்தினாள்.

"பணம் பத்திரம் முடிஞ்சதும் தர்றேன். இப்பக் கையில இல்ல" என்றாள் வெர்டெல்.

"பணம் வேணாங்க."

"ஏன் வேணாம்? நான் சொன்னா சொன்னதுதான்."

"மிஸ் வெர்டெல், வீடு போயிருச்சுங்க. இப்பதான். கீழ."

ஆல்ஃபர்ட் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "டேய், அஞ்சாயிரம் கேட்டுக்கிட்டு எங்கடா ஒக்காந்திருந்த காலைல இருந்து?" வெர்டெல் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். குவின்டனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தா?"

"நான் கூட்டிட்டு வந்தவருதாங்க."

"ரெண்டு கிளாஸ் டீ குடிச்சானே, அவனா?"

அவன் தலையை ஆட்டினான். உள்ளறையில் வக்கீலின் பேச்சு சட்டென்று நின்றுபோனது. அவளுக்கும் சேதி வந்துவிட்டது போலிருக்கிறது.

வெர்டெல் கத்தவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"அப்பல்லாம் வண்டி என் கையில இருந்துச்சு, உனக்காக நிறுத்தி வச்சேன்" என்றாள். அப்புறம் ஆல்ஃபர்டிடம், "என்னைய டிப்போவுல விட்டுரு. ரெண்டரைக்கு ஸ்கூல் விட்டுரும், புள்ளைங்க நிக்கும்" என்றாள்.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"வீட்டுச் சாவிய யாருகிட்ட ராசா குடுக்கணும்?"

சாவியை வாங்கிக் கொடுத்தால் ஆயிரம் என்று கெஸ்லர் சொன்னது குவின்டனுக்கு ஞாபகம் வந்தது. அவனிடம்தான் கொடுக்க வேண்டும்.