குடியை விட்ட மூன்றாம் நாள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விஜிலா தன் புருஷன் கிளைட்டனை உள்ளே விட்டு, வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டினாள்.

வேம்பார் கடற்கரையில் கிளைட்டனை நல்ல வள்ளக்காரன், கடலில் படகு ஓட்டத் தெரிந்தவன் என்பார்கள். அதே மூச்சில் குடிகாரன் என்றும் சொல்வார்கள். பதினாறு வருஷக் குடி. விடிந்ததும் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுங்காமல் எஞ்சினைக் கிளப்ப முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும், யாரும் சொல்லாமலே பீடத்துக்கு முன் முழங்காலிட்டு இனித் தொடமாட்டேன் என்றான். விஜிலா அழுதுவிட்டாள். மறுநாள் அவனுக்கு வேர்த்து ஊற்றியது. சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை. வள்ளத்து முதலாளி ஆள் அனுப்பியபோது வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாள். அவளுக்கு வாயில் பழகிப்போன பொய்.

இன்று மகள் ஆனி பள்ளிக்கூடம் போன கொஞ்ச நேரத்தில் கிளைட்டன் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் எதையோ அள்ளி அள்ளி ஜன்னல் பக்கம் எறிந்தான்.

"தண்ணி ஏறுதுளா. வள்ளம் தாழுது. இறைக்கச் சொல்லு."

தரை காய்ந்து கிடந்தது. பிறகு வலை எஞ்சினில் சுற்றிவிட்டது என்று மீன் கத்தியை எடுத்துக் கொசுவலையை அறுக்க ஆரம்பித்தான். அப்போதுதான் அவள் வெளியே வந்து பூட்டினாள்.

போன் போட்டதும் கிளைட்டனின் அண்ணன் கிருபாநிதி வந்தார். ஜன்னல் வழியே பார்த்தார்.

"பேய்க் கோளாறுளா இது. கட்டித் தூக்கி ஜெபத்துக்குக் கொண்டு போயிருவோம். நான் கயிறு எடுத்துட்டு வாரேன். நீ சத்தம் காட்டாத, தெருவுக்குத் தெரியப்படாது."

அவர் போனதும் உள்ளே தலை சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதிதான் அவளைக் கிளப்பியது.

நாலு வீடு தள்ளி பிலோமினா இருந்தாள். தவக்காலத்தில் ஒருநாள் வந்து, குடிக்கிறவர்களின் வீட்டார் சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பள்ளிக்கூடத்தில் கூடுகிறோம், நீயும் வந்து சும்மா இரு என்று கூப்பிட்டவள். எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்ல மைனி என்று விஜிலா கதவைச் சாத்தியிருந்தாள்.

குழாயடியில் ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பிலோமினாவும் நின்றாள். காதோடு சொல்லத்தான் விஜிலா நினைத்தாள். குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"மைனி, அவிய குடிய விட்டு மூணு நாளாச்சி. இல்லாததெல்லாம் கண்ணுல தெரியுதுங்காவ. கையில கத்தி வச்சிருக்காவ."

"கடைசியா எப்பக் குடிச்சாவ?"

"சனிக்கிழமை ராத்திரி."

பிலோமினா குடத்தை அப்படியே விட்டுவிட்டு 108-க்குப் போன் போட்டாள். அடுத்ததாகத் தன் புருஷன் பெனிஸ்டனை அழைத்தாள். அவன் குடியை விட்டு ஐந்து வருஷம்.

மூவரும், பின்னாலேயே குழாயடிப் பெண்களும் வாசலுக்கு வந்தபோது கிருபாநிதி கயிற்றோடு நின்றார். "வீட்டு மானத்தக் குழாயடியில போட்டுட்டியாளா?"

"கயிறு வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் பிலோமினா. "இது பேய் இல்ல. வருசக்கணக்கா குடிச்ச உடம்பு. சட்டுன்னு நிப்பாட்டுனா மூளை கலங்கும், வலிப்பு வரும். ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுத்துத்தான் நிப்பாட்டணும். என் தம்பிய நாங்க கட்டித்தான் போட்டிருந்தோம். விடிஞ்சப்ப அவன் உசிரோட இல்ல."

கிருபாநிதி அசையவில்லை. "சாவியக் குடுளா," என்று கையை நீட்டினார். கல்யாணமான நாள் முதல் அவரை எதிர்த்து விஜிலா ஒரு சொல் பேசியதில்லை.

"தரமாட்டேன் அத்தான்," என்று சாவியைப் பெனிஸ்டனிடம் கொடுத்தாள்.

பெனிஸ்டன் தனியாக உள்ளே போனான். கிளைட்டன் நெற்றியில் ரத்தத்தோடு கத்தியை ஓங்கினான்.

"யாருல அது?"

"பெனிஸ்டன். பக்கத்து வள்ளத்துல இருந்து வாரேன்."

"வல சுத்திட்டு. அறுக்க அறுக்க வர மாட்டேங்குது."

"நீ களைச்சிட்ட. கத்திய எங்கிட்டத் தா, நான் அறுக்கேன். நீ சுக்கானப் பிடி."

கிளைட்டன் அவனை வெகுநேரம் பார்த்தான். கத்தி கை மாறியது. கிளைட்டன் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வெளியே நடத்தி வரும்போது வாசல்படியில் அவன் உடம்பு விறைத்துச் சரிந்தது. கை கால் வெட்டியது. கிருபாநிதி தன் வீட்டுச் சாவிக்கொத்தை அவன் கையில் திணிக்கப் பாய்ந்தார்.

"இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க," என்று பிலோமினா கத்தினாள். குழாயடிப் பெண் ஒருத்தி தன் துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். இன்னொருத்தி கூட்டத்தை விலக்கினாள். வலிப்பு அடங்கி இரண்டு நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பியது.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிளைட்டனுக்கு யாரையும் தெரியவில்லை. குழாயடிப் பெண்கள் முறை வைத்துப் பஸ்ஸில் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஆனி பிலோமினா வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினாள். முதலாளி போன் செய்தபோது விஜிலா, குடியை நிறுத்தச் சேர்த்திருக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னாள். நாலாம் நாள் கிளைட்டன் கண்ணைத் திறந்து மகள் எங்கே என்று கேட்டான். அவன் கையை விஜிலா பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஒளித்துப் பேசவில்லை. "பிழைச்சிட்டாரு. திரும்பக் குடிக்காம இருக்கணும்னா மாத்திரையும் வேணும், பேச ஆளும் வேணும். வீட்டுக்காரங்களுக்கும் வேணும்."

அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே கிருபாநிதி சுவரைப் பார்த்து நின்றார். விஜிலா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

"ஏளா, எனக்கும் காலையில குடிக்காம முடியாது. வீட்டுல உங்க அக்காவுக்கே தெரியாது. நானும் நிப்பாட்டுனா இப்படித்தான் ஆவுமா?"

விஜிலா டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"டாக்டர் இன்னும் போகல அத்தான். வாங்க, கேப்போம்."

அவர் சுவரை விட்டுத் திரும்பி, அவளுக்குப் பின்னால் நடந்தார்.